விருதை மறுத்த வீதிப் பாடகர்

சென்ற தவணையில் ஒருநாள் மேல்வகுப்பு மாணவர்க்குப் புறநானூறு கற்பித்துக்கொண்டிருந்தேன். அதியமான் நெடுமானஞ்சியை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், மன்னன் தம்மை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுத்துத் திரும்பிய வரலாறு அன்றைய பாடம். பாடம் முடியும் தறுவாயில் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "வறுமையில் வாடிய புலவர், தேடி வந்த பொருளை வேண்டாமென்று தள்ளியது அகந்தையல்லவா, ஐயா?" என்று கேட்டார்.

வகுப்பு முழுவதும் என் முகத்தையே நோக்கியது. புலவர்க்குரிய பெருமிதம் என்று உரைநூல்கள் கூறும் விடையைச் சொல்லி அமைந்திருக்கலாம். ஆனால், கேட்டவரின் உள்ளம் அதனால் நிறைவுறாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆதலின், கடல்கள் பல கடந்த ஒரு தீவில், நம் காலத்திலேயே வாழ்ந்து மறைந்த பாடகர் ஒருவரின் கதையை அவர்க்குச் சொன்னேன். அக்கதையையே இங்கு வாசகர்க்கும் விரித்துரைக்க விழைகின்றேன்.

தீவும் திருவிழாவும்

தென்னமெரிக்காவின் வெனிசுவேலாக் கரைக்கு அண்மையில், கரீபியன் கடலின் தென்கோடியில் திரினிடாட் என்னும் தீவு உள்ளது. நம் இலங்கையைப் பதினான்கு கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றளவே அதன் பரப்பு. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்களும், அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்ட இந்தியரின் வழித்தோன்றல்களும் அங்கு வாழும் மக்களுட் பெரும்பான்மையோர். 1845ஆம் ஆண்டிலிருந்து 1917ஆம் ஆண்டுவரை ஓர் இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் அத்தீவை அடைந்தனர். கல்கத்தாத் துறைமுகத்திற் கப்பலேறியோரே மிகப் பலர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தென்னாட்டாரும் சிலர் உளர்.

கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்குதற்கு முந்திய திங்களும் செவ்வாயும் திரினிடாட்டிற் பெருந் திருவிழா நாள்கள். கார்னிவல் எனப்படும் அவ்விழாவில் வேடம் புனைந்த மக்கள் கூட்டம் தெருவெல்லாம் ஆடிப்பாடிச் செல்லும். அவ்விழாவின் உயிர்நாடியாக விளங்குவது கலிப்சோ என்னும் பாட்டு. அரசியல்வாதியின் பொய், விலைவாசி ஏற்றம், அயல்வீட்டுச் சண்டை, கிறிக்கெற் வெற்றி ஆகிய எதனையும் எள்ளலும் இசையும் கலந்து பாடுவது அதன் இயல்பு. பத்திரிகை படிக்க அறியாத ஏழை மக்களுக்குக் கலிப்சோப் பாடகரே பத்திரிகையாக இருந்தனர் எனலாம்.

ஆளுவோர்க்கு இது கசந்ததில் வியப்பில்லை. 1880களிலேயே ஆபிரிக்க மக்களின் தோல் முரசுகளுக்கு ஆங்கில ஆட்சியினர் தடை விதித்தனர். 1934ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று கலிப்சோப் பாடல்களைத் தணிக்கை செய்ய வழிவகுத்தது. பாடகர்களோ அதற்கும் பணிந்தாரில்லர். தமக்குத் தாமே பிரபுக்கள், வீரர்கள், விலங்குகள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டிக்கொண்டு மேடையேறினர். உறுமும் சிங்கம் என்று ஒருவர்; ஹூணர் தலைவன் அற்றிலா என்று மற்றொருவர். அதிகாரம் இல்லாதோர் அதிகாரத்தின் பெயரைச் சூடி அதனையே நகையாடிய வேடிக்கை அது.

திக்குவாய்ச் சிறுவர்

இத்தகைய நாட்டில், தலைநகராகிய போட் ஒவ் ஸ்பெயினுக்குக் கிழக்கேயுள்ள அரிமா என்னும் ஊரில், 1922ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆந் திகதி ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் அல்ட்வின் றொபேட்ஸ். சிறுவயதிலேயே அவர் நாவிற் பேச்சுத் திக்கியது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கேட்போர் பொறுமையிழந்துவிடுவர். ஆனால், பாடத் தொடங்கினாலோ திக்கல் இருந்த இடந் தெரியாது மறைந்துவிடும். மகனைப் பாடுமாறு ஊக்கிக் கிற்றார் வாசிக்கவும் பழக்கியவர் தந்தையே. அந்தத் தந்தையையும் தாயையும் தம் பதினான்காம் வயதளவில் அவர் இழந்தார்.

அதன்பின் கையிலிருந்த கிற்றாரே அவர்க்குத் துணையாயிற்று. தண்ணீர்க் குழாய் பதிக்கும் தொழிலாளர்க்கு வேலைக் களைப்புத் தெரியாதிருக்கப் பாடுவதே அவர் பெற்ற முதல் உத்தியோகம். நம் நாட்டில் நாற்று நடுவோரும் ஏற்றமிறைப்போரும் பாடிய பாட்டு எத்தகையதோ, அத்தகையதே அப்பாட்டும். 1938ஆம் ஆண்டு முதல் 1942ஆம் ஆண்டுவரை அரிமா ஊரின் கலிப்சோப் போட்டியில் ஐந்து முறை வென்றார். பின்னர்த் தலைநகரம் சென்றார். மூத்த பாடகர் ஒருவரின் யோசனைப்படி, புகழ்பெற்ற ஆங்கிலத் தளபதியின் பெயரைச் சூடிக் 'கிச்சனர் பிரபு' ஆனார். பட்டாளத்தை நடத்திய கிச்சனரைப் பாட நூல்களில் மட்டுமே காண்கின்றோம். பாட்டை நடத்திய கிச்சனரைத் திரினிடாட் மக்கள் இன்றும் நாவில் வைத்திருக்கின்றனர்.

கப்பலில் வந்த பாட்டு

1948ஆம் ஆண்டு யூன் மாதம் 'எம்பயர் வின்ட்றஷ்' என்னும் கப்பல் மேற்கிந்தியர் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் ரில்பரித் துறையை அடைந்தது. போரினாற் சிதைந்த நாட்டைக் கட்டியெழுப்ப உழைக்க வந்தவர்கள் அவர்கள். கப்பலில் வந்தோரைச் செய்திப்படக்காரர் பேட்டி கண்டபோது, கிச்சனர் தயக்கமின்றித் தாம் இயற்றிய பாட்டொன்றைப் பாடிக் காட்டினார். இலண்டன் மாநகரமே தமக்கு ஏற்ற இடம் என்னும் மகிழ்ச்சியைத் தெரிவிப்பது அப்பாட்டு. இன்றும் அக்காட்சிப் படம் உலகெங்கும் காட்டப்படுகின்றது.

ஆனால், மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. குளிரும், வாடகை வீட்டுக்காரியின் கெடுபிடியும், கறுப்பர் என்னும் இழிப்பும் அடுத்து வந்த பாடல்களிற் பொருளாயின. பிறந்த மண்ணை நினைந்து ஏங்கிய பாடல்களும் அவற்றுடன் வந்தன. புலம்பெயர்ந்தோரின் இன்பம், ஏமாற்றம், ஏக்கம் ஆகிய மூன்றையும் ஒருவரே பாடி வைத்தமையால், அக்கால மேற்கிந்திய மக்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர்க்கு அவர் பாடல்கள் சான்றாக உதவுகின்றன.

கிறிக்கெற் அன்பர்களுக்கு ஒரு செய்தி. 1950ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி, இலண்டன் லோட்ஸ் மைதானத்தில் மேற்கிந்திய அணி இங்கிலாந்தை 326 ஓட்டங்களால் வென்றது. இங்கிலாந்து மண்ணில் அவ்வணி பெற்ற முதல் ரெஸ்ற் வெற்றி அதுவே. அன்று இரு பந்துவீச்சாளர் பதினெட்டு விக்கெற்றுகளைச் சாய்த்தனர். அவர்களுள் பதினொன்றை வீழ்த்தியவர் சொன்னி றமாதீன் என்னும் திரினிடாட் இந்திய இளைஞர். எஞ்சிய ஏழு யமேக்காவைச் சேர்ந்த அல்ப் வலன்ரைனுக்கு உரியவை. ஆட்டம் முடிந்ததும் கிச்சனர் கையிற் கிற்றாருடன் மைதானத்துள் இறங்கி, மேற்கிந்திய மக்களைத் தமக்குப் பின்னே அழைத்துக்கொண்டு பாடியவாறு சுற்றிவந்தார். ஆட்சி செய்தவரின் ஆட்டத்தில் ஆட்சி செய்தவரையே வென்ற களிப்பு அது. அன்று பாடகர் ஒரு மக்கட் கூட்டத்தின் வாயாக நின்றார்.

எண்ணெய்ப் பீப்பாவின் இசை

திரினிடாட் சுதந்திரம் பெற்றது 1962ஆம் ஆண்டு ஆகஸ்ற் 31ஆந் திகதி. அவ்வாண்டின் முடிவில் கிச்சனர் தாயகம் திரும்பினார். திரும்பியவர் சோர்ந்திருக்கவில்லை. கார்னிவல் நாள்களில் தெருவிற் செல்லும் வாத்தியக் குழுக்கள் மிகுதியாக வாசிக்கும் பாட்டையே அவ்வாண்டின் 'வீதி நடைப்பாட்டு' என்று தேர்வர். நடுவர் நாற்காலியிலிருந்து மட்டும் அளப்பதன்று. தெருவே தீர்ப்பளிக்கும் போட்டி அது. 1963ஆம் ஆண்டு முதல் 1976ஆம் ஆண்டுவரையுள்ள பதினான்கு ஆண்டுகளிற் பத்து முறை அவ்வெற்றி கிச்சனரை அடைந்தது.

இளம்பிள்ளை வாத நோய் பரவியமையால் 1972ஆம் ஆண்டுக் கார்னிவல் மே மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அப்போதோ மழை பொழிந்தது. ஆடியவரும் நனைந்தனர், ஆடையும் நனைந்தது. அந்த மழையையே பொருளாக்கிக் கிச்சனர் பாடிய பாட்டு அடுத்த ஆண்டின் வீதி நடைப்பாட்டாயிற்று. அவர் தம் இல்லத்துக்கும் அப்பாட்டின் பெயரையே இட்டார்.

எனினும், அவர் செய்த பெருந்தொண்டு வேறு. அதனை அறிதற்கு ஸ்ரீல்பான் என்னும் வாத்தியத்தின் கதையை நாம் சிறிது அறிதல் வேண்டும். முரசு தடைசெய்யப்பட்டபோது ஏழை மக்கள் மூங்கிற் குழாய்களைத் தரையிற் குத்தித் தாளமிட்டனர். பின்னர், 1930களில் பிஸ்கற் தகரங்களையும் பிற தகர ஏனங்களையும் தட்டத் தொடங்கினர். தட்டித் தட்டிப் பள்ளமும் மேடுமான தகரம் இடத்துக்கிடம் வெவ்வேறு சுரத்தை எழுப்புவதைக் கண்டனர். இரண்டாம் உலகப் போரின் பின் பெரிய எண்ணெய்ப் பீப்பாக்கள் கைக்குக் கிடைத்தன. பீப்பாவின் அடித்தகட்டைச் சம்மட்டியால் உட்குழியச் செய்து, சுரத்துக்குரிய இடங்களை உளியால் வரையறுத்து, தீயிற் காய்ச்சிப் பதப்படுத்தி, மீண்டும் சிறு சுத்தியலால் நுணுக்கமாகத் தட்டிச் சுருதி சேர்ப்பர். இறப்பர் சுற்றிய சிறு கோல்களால் வாசிப்பர். உச்சக் குரற் பீப்பா ஒன்றிலேயே இருபத்தைந்துக்கு மேற்பட்ட சுரங்கள் அமையும். மந்தரக் குரலுக்கோ, ஒவ்வொன்றும் சில சுரங்களே உடைய பல பீப்பாக்களை ஒருவர் நடுவே நின்று வாசிப்பர். எறியப்பட்ட பீப்பா இசைக்கருவியாயிற்று.

ஆனால், அக்கருவியை வாசித்தோர் சேரிகளின் இளைஞர். குழுவுக்குக் குழு தெருச் சண்டை நிகழ்ந்தது, பொலிசார் துரத்தினர், பெரியமனிதர் வீடுகளில் பிள்ளைகளைப் பான் வாசிக்க விடார். அந்த இழிநிலைக் காலமாகிய 1940களிலேயே அவ்வோசையைப் புகழ்ந்து பாட்டியற்றியவர் கிச்சனர். பின்னர் 1963ஆம் ஆண்டில் பனோரமா என்னும் ஸ்ரீல்பான் குழுக்களின் பெரும் போட்டி தொடங்கிற்று. நூறு பேர் வரை சேர்ந்து ஒரே பாட்டை விரித்து வாசிக்கும் அப்போட்டியில், மற்றெவரின் பாடல்களையும் விட மிகுதியாக வெற்றி ஈட்டித் தந்தவை கிச்சனரின் பாடல்களே. பான் வாசிப்போர்க்கு எவ்விடத்திற் சுரம் விரியவேண்டும், எவ்விடத்தில் ஓடவேண்டும் என்பதை எண்ணியே அவர் மெட்டமைத்தார்.

இவ்விடத்து ஓர் இந்தியர் பெயரையும் குறிப்பிடல் வேண்டும். மலைச்சாரற் கிராமமொன்றில் எளிய இந்தியக் குடும்பத்திற் பிறந்த ஜித் சமாரு என்பவர் றெனகேட்ஸ் என்னும் குழுவுக்கு இசையமைத்து ஒன்பது முறை பனோரமா வெற்றியைப் பெற்றுத் தந்தார். 1982, 1984, 1990ஆம் ஆண்டுகளில் அவ்வாறு வென்றவை கிச்சனரின் பாடல்கள். ஆபிரிக்க வழிவந்தவர் பாட்டியற்ற, இந்திய வழிவந்தவர் அதனை விரிக்க, இரு மரபினரும் ஒருங்கே கேட்டு மகிழ்ந்தனர். அரசியல் மேடைகளில் இவ்விரு சமூகத்தாரும் அடிக்கடி பிணங்கிய நாட்டில் இது சிறு செய்தியன்று.

கலைஞரைக் கலைஞர் போற்றுதல்

பீப்பாவின் தகட்டில் முதன்முதல் ஒரு முழு மெட்டை வாசித்தவர் என்று திரினிடாட் மக்கள் போற்றும் பெயர்களுள் ஒன்று வின்ஸ்ரன் 'ஸ்பிறீ' சைமன் என்பது. தலைநகரின் ஏழைப் பகுதியைச் சேர்ந்தவர் அவர். அப்பெருமை ஒருவர்க்கே உரியதன்று, பலர் கைபட்டே அக்கருவி உருவாயிற்று என்று ஆராய்ச்சியாளர் வாதிடுவர், அது நியாயமே. ஆயினும், முன்னோடிகள் பலரும் மூப்பாலும் வறுமையாலும் மறக்கப்பட்டு வந்த காலத்தில், அவர்களுள் ஒருவரின் பெயரையாவது நாடறிய உரைத்தல் வேண்டுமன்றோ?

அதனை அரசு செய்வதற்கு முன் கிச்சனர் செய்தார். ஸ்பிறீ சைமனுக்கு அஞ்சலி என்று பெயரிட்டே ஒரு பாட்டியற்றி, 1975ஆம் ஆண்டிற் கலிப்சோ முடிசூட்டுப் போட்டியில் அதனைப் பாடினார். வீதி நடைப்பாட்டிற் பத்து முறை வென்ற அப்பெரியவர், கலிப்சோ மன்னர் என்னும் முடியைச் சூடியது அந்த ஒரேயொரு முறைதான். அதே பாட்டு அவ்வாண்டின் வீதி நடைப்பாட்டும் ஆயிற்று. தம்மைப் பற்றிப் பாடிய எப்பாட்டும் தாராத முடியைப் பிறரைப் போற்றிய பாட்டுத் தந்தது. சைமன் அடுத்த ஆண்டிற் காலமானார். தம் பெயரை நாடு முழுவதும் தெருத்தெருவாகப் பாடுவதைக் கேட்டுவிட்டே அவர் கண்மூடினார். உயிரோடிருக்கும்போதே செய்யப்படும் மரியாதையின் பெறுமதி இதுவே.

சிறிய பதக்கம்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். திரினிடாட் அரசு 1969ஆம் ஆண்டில் தேசிய விருதுகளை ஏற்படுத்தியது. அவற்றுள் அதியுயர்ந்தது திரித்துவச் சிலுவை. அதன் கீழ்ப் பல படிகளிற் பதக்கங்கள் அமைந்தன. 1993ஆம் ஆண்டில், கிச்சனருக்குத் திரித்துவச் சிலுவையை வழங்கவேண்டுமென்று ஓர் இயக்கம் எழுந்தது. அப்போது அவர்க்கு வயது எழுபத்தொன்று. அரசு இணங்கவில்லை, கீழ்ப்படியிலுள்ள விருதொன்றைத் தர முன்வந்தது. கிச்சனர் அதனை ஏற்க மறுத்துவிட்டார்.

இது அகந்தையா? அரசுத் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். நீதிபதிகளுக்கும் மருத்துவர்க்கும் ஆட்சித் தலைவர்க்கும் உரிய வரிசையில் வீதிப் பாடகரை வைப்பது எவ்வாறு என்று சிலர் தயங்கியிருக்கலாம். ஆனால், அந்தத் தயக்கத்தையே அம்மறுப்பு வெளிப்படுத்தியது. தனியொருவராகத் தமக்கு வந்த பதக்கத்தை மட்டும் அவர் எடை போட்டிருந்தால் வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பார். கலிப்சோவும் பானும் நாட்டின் தலையாய செல்வம் என்று விழா மேடைகளிற் பேசிக்கொண்டு, விருது வழங்கும்போது அவற்றைக் கீழ்ப்படியில் வைப்பதையே அவர் ஏற்கவில்லை என்று நான் கொள்கின்றேன். கொடுத்தல் எளிது, தகுதியறிந்து கொடுத்தலே அரிது என்று மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் அறிவுறுத்திய கருத்தும் இதுவே அன்றோ?

கிச்சனர் 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி காலமானார். அவர் வாழ்ந்த காலத்தில் நாட்டின் அதியுயர் விருது அவரை அடையவேயில்லை. தலைநகரில் அவர் சிலை நிற்கின்றது. பிறந்த ஊராகிய அரிமாவிலும் அவர் மார்பளவுச் சிலை உண்டு. சிலைக்குக் காது கேளாது என்பதே நமக்குள்ள வருத்தம்.

பின்னர் நிகழ்ந்தவை

காலம் மெல்ல மெல்லத் தன் கணக்கைத் திருத்தியது. ஸ்ரீல்பான் 1992ஆம் ஆண்டிலேயே தேசிய வாத்தியமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2023ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆகஸ்ற் 11ஆந் திகதியை உலக ஸ்ரீல்பான் தினமாக அறிவித்தது. திரினிடாட்டின் அரச இலச்சினையிற் கொலம்பசின் மூன்று கப்பல்கள் இருந்த இடத்தில் ஸ்ரீல்பானைப் பொறிப்பதற்கான சட்டத்தை 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பொலிசார் பறித்து நசுக்கிய தகரம் இன்று அரசின் முத்திரையில் ஏறியுள்ளது.

விருதின் பெயரும் மாறிற்று. பல சமயத்தார் வாழும் நாட்டின் தலையாய விருது ஒரு சமயத்தின் சின்னத்தைத் தாங்குதல் தகுமா என்று இந்துக்களும் முஸ்லிம்களும் வழக்குத் தொடுத்தனர். அது பாரபட்சமானதென்று 2006ஆம் ஆண்டில் நீதிமன்றம் கருத்துரைத்தது. 2008ஆம் ஆண்டில் திரித்துவச் சிலுவைக்குப் பதிலாகக் குடியரசின் பெயரால் புதிய விருது ஏற்படுத்தப்பட்டது. கிச்சனருக்கு எதிர்நின்று நெடுங்காலம் பாடிய 'வல்லமை மிக்க சிட்டுக்குருவி' என்னும் கலிப்சோ வேந்தருக்கு 2014ஆம் ஆண்டில் அவ்விருது வழங்கப்பட்டது. கலிப்சோப் பாடகரை நாட்டின் முதல் வரிசையில் அமர்த்தத் தடையில்லை என்பதை அரசும் ஒருவாறு ஒப்புக்கொண்டது. அந்த இருக்கைக்கு வழி கேட்டு நின்றவர்களுள் முன்னவர், சிறிய பதக்கத்தை மறுத்த அரிமாக் கொல்லரின் மகன்.

இவ்வளவும் கூறி முடித்தபோது மணி அடித்துவிட்டது. கேள்வி கேட்ட மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படியானால் அந்த அரசு முதலிலேயே கொடுத்திருக்கலாமே, ஐயா?" என்றார்.

ஆம், கொடுத்திருக்கலாம். அதற்கு மேல் என்னிடம் விடையில்லை. கலைஞரை மதிக்கத் தெரிந்த நாடுகளும் பெரும்பாலும் காலந் தாழ்த்தே மதிக்கின்றன. அந்தத் தாழ்வை ஈடுசெய்ய அரசுக்காகக் காத்திருத்தல் வேண்டுவதில்லை என்பதை 1975ஆம் ஆண்டில் கிச்சனரே காட்டிச் சென்றார். தமக்கு முன் நடந்தவரின் பெயரை, அவர் கேட்கும்படியாக, உரத்த குரலிற் பாடினார். நம் ஊர்த் திருவிழாவில் வாசித்துவிட்டு, விளக்கணைந்த பின் தம் வாத்தியத்தை உறையிலிட்டுக்கொண்டு தனியே நடந்து செல்லும் முதியவர் ஒருவரை நீங்களும் அறிந்திருப்பீர்கள். அடுத்த திருவிழாவரை காத்திராது, இவ்வாரமே அவர் வீட்டுப் படலையைத் திறந்து சென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.